"ஹிஸ்டரியா? அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?"

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கலைக் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கினால் எந்தப் படிப்பு முதலில் நிரம்பும், எது கடைசி வரை கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வரிசைதான். பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் அடித்துப் பிடித்து நிரம்பிவிடும். கட்-ஆஃப் குறைந்தவர்கள், அடுத்தடுத்த சுற்றுக்கு வந்தவர்கள், எங்கேயாவது ஒரு சீட் கிடைத்தால் போதும் என்று வீட்டில் அனுப்பி வைத்தவர்கள் கையில் வந்து சேருவது பல இடங்களில் வரலாறு. பிடித்து எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களிடமும் சொந்தக்காரர்கள் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள், அதுவும் கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்து.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஐ.ஏ.எஸ். எழுதலாம், குரூப் தேர்வு எழுதலாம், ஜி.கே. பலமாக இருக்கும் என்பது. இன்னொன்று, துறை வாசலில் எழுதி வைத்திருப்பார்களே, வரலாறு தெரியாதவர்கள் வரலாறு படைக்க முடியாது என்று, அந்த வகை. இரண்டிலுமே சரக்கு குறைவு. சிவில் சர்வீஸ் எழுத எந்தப் பட்டமும் போதும். மெக்கானிக்கல் படித்தவர் பள்ளிப் பாடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்தால் அந்தத் தேர்வுக்கு வேண்டிய வரலாற்றைத் தேற்றிவிடுவார், அதற்கு மூன்று வருஷம் கல்லூரியில் செலவழிக்கத் தேவையில்லை. இரண்டாவது பதில் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வரலாறு படைத்தவர்களில் எத்தனை பேர் அதைப் பாடமாகப் படித்தார்கள் என்று யாராவது திருப்பிக் கேட்டால் அதோடு முடிந்தது.

தகவலுக்காக என்றால் கல்லூரி வேண்டாம். பானிபட் போர் எந்த ஆண்டு என்பது கைப்பேசியில் இருக்கிறது. கல்லூரியில் வரலாறு படிப்பதால் கிடைக்கக்கூடியது வேறு: ஒரு செய்தி கையில் வந்ததும் இதைச் சொன்னது யார், எப்போது, யாருக்காக, எந்த வேலையை முடிப்பதற்காக, இதில் யாருடைய குரல் இல்லை, வேறு யாராவது இதே விஷயத்தைப் பற்றி ஏதாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று கேட்கும் பழக்கம். இதைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்ய முடியாது, உண்மையான ஆவணத்தை முன்னால் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்துதான் கை பழக வேண்டும். நம் கல்லூரிகளில் இது நடக்கிறதா என்பது தனிக் கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சின்ன உதாரணம். இங்கே ஆங்கிலக் கல்விக்கு வழி செய்த பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே பேசியதாக ஒரு படம் பல வருஷமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பை, அதாவது அதன் பண்பாட்டை உடைக்காமல் இதை நாம் வெல்ல முடியாது, எனவே கல்வியை மாற்றுவோம் என்று 'லார்டு மெக்காலே' பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் 1835 பிப்ரவரி 2 அன்று பேசினாராம். பேராசிரியர்கள், அரசியல்வாதிகள் எல்லாம் மேடையில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆளை விட்டுவிட்டு தேதியைப் பாருங்கள். 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே லண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். 1834 ஜூனில் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கி, ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபுவைப் போய்ப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். நாட்டைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றுவதற்கு நேரம் எங்கே? அவர் 'லார்டு' ஆனது 1857ல். அப்புறம், 1835ல் இந்தியாவை இனிமேல்தான் வெல்ல வேண்டும் என்று ஒரு கம்பெனி அதிகாரி ஏன் சொல்லப் போகிறார்? திப்பு 1799லேயே போய்விட்டார், மராத்தியர்கள் 1818ல் முடிந்தார்கள். ஆக இந்த மேற்கோள் நான்கு பக்கமும் ஓட்டையாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதே தேதியில் அவர் உண்மையாகவே எழுதிய கல்விக் குறிப்பு கைக்குக் கிடைக்கிறது. அதில் ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரி இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்று எழுதியிருக்கிறார். அவரைத் திட்டுவதற்கு நிஜமே போதும், பொய் தேவைப்படவில்லை.

இந்தச் சோதனைக்கு எந்த ரகசிய அறிவும் வேண்டாம். தேதி, இடம், பதவி, அந்தக் காலத்துச் சூழல் என்று நான்கைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் போதும். ஆனால் பொறியியலோ மருத்துவமோ படித்த எத்தனையோ பேர் அந்தப் படத்தை யோசிக்காமல் அனுப்புகிறார்கள். அவர்கள் அறிவில்லாதவர்கள் கிடையாது, ஒரு மேற்கோளைச் சந்தேகப்பட யாரும் அவர்களைப் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

பொய்யைப் பிடிப்பது சுலபமான பகுதி. உண்மையான ஆவணத்தைச் சரியாகப் படிப்பதுதான் கஷ்டம். அதற்கு உத்திரமேரூரை விட நல்ல பாடம் நமக்குக் கிடைக்காது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, 919லும் 921லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறை என்று பள்ளியில் படித்திருப்போம். உலகின் முதல் ஜனநாயகம், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழன் ஓட்டுப் போட்டான் என்று பேசாத மேடை இல்லை. 2020ல் டெல்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார்.

சரி, கல்வெட்டு என்ன சொல்கிறது? ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் போட வேண்டும். சபை கூடிய நாளில் சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லோரும் பார்க்க, கோயில் நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், அத்தனை பேரும் இருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டுகிறார். உள்ளே இருப்பது எதுவென்று அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. அவர் வாசிக்க, பிறகு நம்பிமாரும் வாசிக்க, பெயர் பதிவாகிறது. இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரிந்து 360 நாள் வேலை பார்ப்பார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவருக்கும் இல்லை.

இதைப் படித்தால் மலைப்பாகத்தான் இருக்கும். அந்த ஐந்து விரல் விதியை எழுதியவர்கள் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள், முன்னால் யாரோ ஏதோ தில்லுமுல்லு செய்து மாட்டியிருக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டே வருஷத்தில் விதிகளைத் திருத்தி மறுபடி கல்லில் வெட்டியிருக்கிறார்களே, முதல் ஏற்பாடு ஏன் சரிப்படவில்லை என்றும் கேட்கலாம். முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை. இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு சண்டை இருந்திருக்கும், அது கல்லில் இல்லை.

இப்போது அதே கல்லில் மற்ற வரிகள். தகுதி என்ன? கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதத்திலும் சாத்திரத்திலும் பயிற்சி வேண்டும். நிலம் குறைவாக இருந்தால், அரைக்கால் வேலி இருந்தாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூலும்) விளக்கிச் சொல்லத் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஆக இது ஒரு பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர், பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. பெண்கள் இல்லை. குத்தகைக்கு உழுதவர்கள் இல்லை, கூலிக்கு நாற்று நட்டவர்கள் இல்லை. ஏரியைத் தூர் வாரியது யாரோ, ஏரி வாரியத்தில் இருந்தது வேறு யாரோ. இன்னொன்று, இதில் ஓட்டே இல்லை, நடந்தது சீட்டுக் குலுக்கல். யாரும் யாரையும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. (குலுக்கல் மட்டமான முறை என்று சொல்லவில்லை, பழைய ஏதென்ஸிலும் பதவிகளுக்குக் குலுக்கல்தான், அதுவும் ஒரு வகையில் நேர்மையான ஏற்பாடு.) சபை விதிகளைக் கூட்டத்தில் முடிவு செய்தபோது அரசன் அனுப்பிய அதிகாரி உடன் இருந்ததாகவும் கல்வெட்டே சொல்கிறது. அப்படியென்றால் ஊர் தானாக முடிவு செய்ததா, அரசன் செய்ய வைத்தானா? முதல் என்பதும் நிற்காது, திருநெல்வேலிப் பக்கம் மானூரில் சபை உறுப்பினர் தகுதி பற்றிய பாண்டியர் கல்வெட்டு உத்திரமேரூருக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியதாகக் கருதப்படுகிறது.

இப்படி அடுக்கிக்கொண்டே போனால் சிலர் முகம் சுளிப்பார்கள், நம் பெருமையைக் குறைக்கிறாயா என்று. வேறு சிலர், பார்த்தாயா எல்லாம் பார்ப்பன ஆதிக்கம், பேச ஒன்றுமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வகுப்பறையில் இந்த இரண்டு அவசரத்தையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், அதுதான் அங்கே கிடைக்கும் பயிற்சி. கணக்குக் காட்டாதவன் மறுபடி பதவிக்கு வரக்கூடாது என்ற விதி பிரமாதம்தான். அந்த விதி ஊரில் ஒரு சிறு கூட்டத்துக்குள் மட்டும் ஓடியது என்பதும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிக்காது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரியில்லா நிலம் எது எது என்று கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணச்சேரி என்றும் வருகிறது. அங்கே குடியிருந்தவர்கள் எழுதிய ஒரு வரி கூட நம்மிடம் இல்லை. ஆனால் அவர்கள் இருந்தார்கள், தனியாக வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை வரி விலக்குப் பட்டியல் தற்செயலாகச் சொல்லிவிடுகிறது. ஆவணம் சொல்ல நினைத்ததை விட அதன் வாய் தவறி வந்தது முக்கியமாகிவிடும் இந்த மாதிரி இடங்களைக் கண்டுபிடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது, அந்த ருசி ஒரு முறை பிடித்துவிட்டால் பிறகு செய்தித்தாளைக் கூட அப்படித்தான் படிக்கத் தோன்றும்.

அதே கல்வெட்டுகளை வைத்துக்கொண்டு பெரிய அறிஞர்கள் நேர் எதிரான முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930களில் சோழர்களைப் பற்றி எழுதியபோது வலுவான மன்னன், திறமையான அதிகாரிகள், கூடவே சுறுசுறுப்பான ஊர்ச் சபைகள் என்று ஒரு பேரரசை வரைந்தார். 1980ல் அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, மன்னனின் நேரடி அதிகாரம் காவிரிப் படுகையின் மையத்தோடு சரி, மற்ற இடங்களில் சடங்கு அளவிலான தலைமைதான், நாடுகள் (அன்றைக்கு நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம்) தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன என்றார். ஜப்பானிலிருந்து வந்து தமிழ் கற்ற நொபொரு கராஷிமாவும், நம்மூர்க் கல்வெட்டறிஞர் ஒய். சுப்பராயலுவும் வேறு வழியில் போனார்கள். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளிலிருந்து ஆட்களின் பெயர், பட்டம், வரிப் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தொகுத்து எண்ணினார்கள். சோழர் காலப் பெயர்களின் தொகுப்பு மட்டும் 1978ல் மூன்று தொகுதிகளாக வந்தது. ராஜராஜன் காலத்திலிருந்து வரி வசூலும் அதிகாரப் பட்டங்களும் எப்படி மாறின என்பதை வைத்து ஸ்டைனின் சித்திரத்தைக் கேள்வி கேட்டார்கள். திருச்சிப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களை எடுத்துக்கொண்டு, பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியார் நிலவுடைமை, மற்றதில் ஊர்ப் பொதுவுடைமை என்று கராஷிமா காட்டியது இன்றும் படிக்க வேண்டிய வேலை. கல் மாறவில்லை, கேள்வி மாறியதும் பதில் மாறிவிட்டது. சர்ச்சையே இல்லாமல், ஒற்றைப் பதிலாக, நோட்ஸில் எழுதிக் கொடுத்தால் மாணவனுக்கு இதில் எதுவுமே போய்ச் சேராது.

பழங்காலத்தை விடுங்கள், நேற்றைய காகிதங்களுக்கு வருவோம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, 1909ல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸாகத் தொடங்கியது. கம்பெனி காலத்திலிருந்து வரும் அரசுக் காகிதங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. அரசு ஆவணம் என்றால் அரசு ஒரே குரலில் பேசும் என்று நினைப்போம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின் காகிதங்களைப் பார்த்தால் அப்படி இல்லை. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதில் ஆள் உயிரோடு இருக்க முடியாது என்று எண்களோடு எழுதினார். டெம்பிள் பதில் எழுதினார், கார்னிஷ் திரும்ப எழுதினார். அதே ஆண்டிலேயே அந்தக் கூலியைக் கைவிட வேண்டி வந்தது. பட்டினி கிடந்தவர்களின் குரல் அங்கும் நேரடியாக இல்லை, ஆனால் இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிய இடைவெளியில் நிவாரண முகாமில் என்ன நடந்தது என்பது தெரிகிறது.

இதெல்லாம் செத்துப்போன விஷயம் என்பவர்களுக்கு பஞ்சமி நிலத்தைச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891ல் பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே பிரிவினருக்குத்தான் கைமாற்றலாம் என்று நிபந்தனை. சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில் இருக்கிறது. 1994ல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர் போனது. இன்றைக்கும் ஒரு ஊரில் இன்ன சர்வே எண் பஞ்சமி நிலமா என்று நிரூபிக்க வேண்டுமானால் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கிராமக் கணக்கையும் தேடி எடுத்து, கைமாறிய வரிசையைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் வரலாற்று ஆய்வுதான், சம்பளம் யாரும் கொடுப்பதில்லை என்பது வேறு.

காவிரியும் அப்படித்தான். 1892லும் 1924லும் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே போட்ட ஒப்பந்தங்கள் செல்லுமா, 1924 ஒப்பந்தம் ஐம்பது வருஷத்தில் காலாவதி ஆனதா என்பதை வைத்துத்தான் பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. 2018ல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் 1974ல் முடிந்துவிட்டது என்று சொல்லி, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று முடிவு செய்தது. டெல்டாவில் குறுவைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது நூறாண்டுப் பழைய காகிதத்தின் வாசகங்களோடு கட்டப்பட்டிருக்கிறது.

கீழடியைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரி மாதிரி அமெரிக்க ஆய்வகத்தில் கி.மு. 580 என்று வந்தது, 2019ல் மாநிலத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது, தமிழ்நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஐம்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, கங்கைக் கரையில் மட்டும்தான் நகரம் இருந்தது என்ற பழைய எண்ணம் ஆட்டம் கண்டது. வரலாற்று மாணவன் கொண்டாட்டத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை: அந்தக் கரித்துண்டின் தேதி அந்த அடுக்கின் தேதியா, எழுத்துள்ள ஓடுகள் அதே அடுக்கில்தான் வந்தனவா, ஒரு மாதிரியை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம். கீழடியில் மத வழிபாட்டுக்கான தடயமே இல்லை என்று ஒரு பேச்சு பிரபலமாக இருக்கிறதே, 110 ஏக்கர் மேட்டில் தோண்டியது சிறு பகுதிதான் என்றால் கிடைக்காததை வைத்து அந்த முடிவுக்கு வரலாமா? இதே கண்டிப்பை மறுபக்கத்துக்கும் வைக்க வேண்டும். முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023ல் கொடுத்த 982 பக்க அறிக்கையை 2025ல் மத்தியத் தொல்லியல் துறை திருத்தச் சொன்னபோது, எந்தத் தரவு போதவில்லை, எந்த அடுக்கில் பிரச்சினை என்று துல்லியமாகக் கேட்கிறார்களா, அல்லது தேதி பிடிக்கவில்லையா என்று பார்க்கத் தெரிய வேண்டும். டிவி விவாதத்தில் இரண்டு பக்கமும் கத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் தேவைப்படுவதில்லை.

இனி அந்தத் தனிக் கதை. மேலே சொன்ன எதுவும் நம் பெரும்பாலான பி.ஏ. வரலாற்று வகுப்புகளில் நடப்பதில்லை. தமிழக வரலாறு, இந்திய வரலாறு, ஐரோப்பிய வரலாறு, நவீன சீனா ஜப்பான், வரலாற்று வரைவியல் (வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பது) என்று தாள்களின் பட்டியல் கம்பீரமாகத்தான் இருக்கும். நடப்பது நோட்ஸ். சமுத்திரகுப்தனின் சாதனைகள் யாவை, பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை விவரி, எட்டுத் தலைப்பு, தலைப்புக்கு நாலு வரி, பத்து மார்க். வரலாற்று வரைவியல் தாளையே, எந்த வரலாற்றையும் மனப்பாடம் செய்யக் கூடாது என்று சொல்லித் தரவேண்டிய தாளையே, கைடு வைத்து மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். மூன்று வருஷத்தில் ஒரு கல்வெட்டுப் படியை (கல்லிலிருந்து காகிதத்தில் ஒற்றி எடுத்ததை) கூடக் கையில் தொடாமல், ஒரு காப்பகத்துக்குள் நுழையாமல் பட்டம் வாங்கிவிட முடியும். ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. காலியிடங்கள் வருஷக்கணக்கில் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் துறையில், ஒரு வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு யார் மூல ஆவணம் வாசிக்கப் போகிறார்கள்? இருந்தும் சில துறைகளில் பிடிவாதமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் படித்த பிள்ளைகளைப் பேச்சிலேயே அடையாளம் தெரிந்துவிடும்.

எனக்கு ஆதங்கம் இன்னொரு இடத்தில். வரலாற்று வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள், கிராமத்திலிருந்து வருகிறவர்கள், வீட்டில் முதல் பட்டதாரி. ஆங்கிலம் வராது என்று கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் இந்தப் பாடத்தின் மூல ஆவணங்கள் யார் மொழியில் இருக்கின்றன? ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் தமிழில். மா, வேலி, கலம், மரக்கால், மடை, மதகு, வாய்க்கால், நத்தம், புன்செய் என்று கல்வெட்டில் வரும் சொற்களுக்கு நகரத்து ஆங்கிலவழிப் பிள்ளை அகராதி புரட்ட வேண்டும், டெல்டாப் பையனுக்கு அது வீட்டில் பேசுவது. கராஷிமா டோக்கியோவிலிருந்து வந்து கஷ்டப்பட்டுக் கற்றதில் பாதி இவர்களிடம் பிறப்பிலேயே இருக்கிறது, அதை ஒரு சொத்து என்று யாரும் இவர்களிடம் சொன்னதில்லை. சென்னை மாகாணத்தில் 1886ல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியரை நியமித்துத் தொடங்கிய கல்வெட்டுத் துறை பிற்பாடு மைசூருக்குப் போனது, தமிழ்க் கல்வெட்டுப் படிகளும் அங்கேயே கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021ல் உத்தரவிட்டது. படிகள் வரலாம், அவற்றில் இன்னும் பதிப்பிக்கப்படாதவை ஏராளம், வாசிக்க ஆள்தான் பற்றாக்குறை.

வேலை பற்றி மழுப்பக் கூடாது. பி.ஏ. வரலாறு முடித்த கையோடு கேம்பஸ் இண்டர்வியூவில் யாரும் அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். பழகிய பாதை பி.எட்., அப்புறம் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, அப்புறம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர், எம்.ஏ. முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு. இதில் காத்திருப்பு நீளம். டி.என்.பி.எஸ்.சி.யில் வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் பகுதியில் கை ஓங்கியிருக்கும், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமையும் உண்டு, ஆனால் போட்டி எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷ சட்டப் படிப்புக்குப் போகலாம். நில வழக்கு, கோயில் சொத்து வழக்கு என்று வந்தால் பழைய பத்திரம் வாசிக்கத் தெரிந்த வக்கீலுக்கு மதிப்பு இருக்கிறது. தொல்லியலில் ஆர்வம் இருந்தால் மாநிலத் துறை நடத்தும் தொல்லியல், கல்வெட்டியல் முதுநிலைப் பட்டயம் இருக்கிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் பணியிடங்கள் குறைவு. பத்திரிகை, ஆவணப் படம், சுற்றுலா, அருங்காட்சியகம் எல்லாம் உண்டு என்று பட்டியல் போடலாம், அவற்றில் பட்டத்தை விட ஆளைப் பார்ப்பார்கள். வீட்டில் உடனே சம்பளம் தேவைப்படும் பிள்ளைக்கு வரலாற்றைப் பரிந்துரைக்க எனக்கு வாய் வராது. மற்ற எந்தக் கலைப் பட்டத்துக்கும் இதே நிலைமைதான் என்பதையும், கட்-ஆஃப் கம்மி என்பதற்காக வந்து சேர்ந்த பிள்ளை இதை இழப்பாக நினைத்து மூன்று வருஷத்தையும் தூங்கிக் கழிப்பது அதை விட மோசம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

சேரப் போகிறவர்கள் கல்லூரியின் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே படிக்கும் சீனியர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: வகுப்பில் ஒரு கல்வெட்டையோ பழைய அரசாணையையோ வரிவரியாக வாசித்திருக்கிறீர்களா? ஆமாம் என்றால் யோசிக்காமல் சேருங்கள். இல்லை என்றால், வேறு வழியும் இல்லை என்றால், நீங்களே தொடங்கலாம். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பல மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோயில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அச்சில் உள்ள பாடத்தை எடுத்துக்கொண்டு கோயில் சுவருக்கே போய் ஒப்பிட்டுப் பாருங்கள், தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவரையும் இழுத்துக்கொண்டு போனால் நல்லது, கிரந்த எழுத்து வரும் இடங்களில் தடுக்கும். முதல் தடவை பாதிக்கு மேல் விளங்காது, சுண்ணாம்பு அடித்து மறைத்திருப்பார்கள், மணல் வீச்சில் தேய்த்திருப்பார்கள். புரிகிற அளவுக்கு, யார் யாருக்கு எந்த நிலத்தை எதற்காகக் கொடுத்தார்கள், அதில் எல்லையாகச் சொல்லப்படும் வாய்க்கால் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள். மூன்றாம் வருஷ புராஜெக்டுக்குக் கடையில் பைண்டிங் செய்து விற்கிறதை வாங்காமல் இதையே கொடுக்கலாம்.